ஊர்க்கூட்டம் பலமாக உள்ள ஊரில் கிராம சபையை நடத்துவது எப்படி

தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் இரண்டு சபைகள் உண்டு. ஒன்று, 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் உள்ள கிராம சபை. இன்னொன்று, எந்தச் சட்டத்திலும் இல்லாமலேயே கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் சேரும் ஊர்க்கூட்டம். நாட்டாமை, அம்பலகாரர், ஊர்க்கவுண்டர், மணியகாரர் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் அதற்கொரு தலைமை இருக்கும். கோயில் திருவிழா, தலைக்கட்டு வரி, பொதுக் கிணறு, வாய்க்கால் தகராறு எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும்.

ஊர்க்கூட்டத்தை ஒழித்தால்தான் ஜனநாயகம் வரும் என்பவர்கள் ஊரில் பத்துப் பேரைக்கூடக் கூட்ட முடியாமல் திரும்புகிறார்கள். ஊர் சொன்னால் போதும், சபை எதற்கு என்பவர்களோ பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு அதையே ஊர் என்கிறார்கள். ஆள் சேர்ப்பதற்கும் பேசித் தீர்ப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் வழக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். யார் தேர்தலில் நிற்கலாம், யார் ஓட்டுப் போடலாம், யார் நாற்காலியில் உட்காரலாம் என்ற மூன்றில் மட்டும் அதை நுழைய விடாதீர்கள். இந்த எல்லைக்கோட்டை எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், சபைக்குப் போக நினைக்கும் வாக்காளர் ஆகியோருக்கான இந்த வழிகாட்டி.

முதல் வேலை: தலைக்கட்டு நோட்டையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஊர்க்கூட்டத்தின் கணக்கு தலைக்கட்டு. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. வரி கொடுப்பதும் வாய் திறப்பதும் அவர்தான். கிராம சபையின் கணக்கு, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள 18 வயது நிரம்பிய எல்லோரும். 300 தலைக்கட்டு உள்ள ஊரில் வாக்காளர்கள் 1,000 பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். ஊர் கூடி எடுத்த முடிவு என்று சொல்லும்போது அந்த 700 பேர் அங்கே இல்லவே இல்லை என்பதை மறக்கக்கூடாது.

வார்டு வாரியாக வாக்காளர் பட்டியலை எடுத்து, தலைக்கட்டு நோட்டில் பெயர் உள்ளவர்களைப் பென்சிலால் குறியுங்கள். குறி விழாத பெயர்கள்தான் நீங்கள் தேடிப்போய் அழைக்க வேண்டியவர்கள். பெரும்பாலும் அவர்கள் பெண்கள், மணமாகாத இளைஞர்கள், ஆண் துணையில்லாத குடும்பத்தார், காலனி மக்கள், பிழைக்க வந்து குடியேறியவர்கள் என்றுதான் இருப்பார்கள். நோட்டைத் தர ஊர்ப் பெரியவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். திருவிழா வரி வசூலிக்கும் இளைஞர் ஒருவரை உட்கார வைத்தாலே தெருவாரியாகச் சொல்லிவிடுவார்.

குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை இல்லாமல் எடுத்த தீர்மானத்தைப் பின்னால் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

நாள், இடம், அறிவிப்பு

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 கூட்டங்கள். நான்காக இருந்ததை 2022-இல் ஆறாக்கினார்கள். மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் பொது விடுமுறை இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இரண்டு கூட்டங்களில்தான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். முன்கூட்டியே வேலை மேஸ்திரிகளிடமும் தோட்டக்காரர்களிடமும் பேசி அரைநாள் விட்டுத்தரக் கேளுங்கள்.

மந்தை, சாவடி, கோயில் திடல் ஆகியவை ஊர்க்கூட்டத்துக்கு உரிய இடங்கள். கிராம சபையை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக்கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துகிறது. இதை வெறும் விதியாகப் பார்க்க வேண்டாம். கோயில் திடலில் கூட்டம் வைத்தால் தீட்டு நாள் என்று பெண்கள் சிலர் வரமாட்டார்கள், காலனி மக்கள் ஓரத்தில் நிற்பார்கள், வேறு மதத்தார் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலகத்தின் முன்புறம், சமுதாயக் கூடம் ஆகியவை ஏற்றவை. ஒரே தெருவில் தொடர்ந்து நடத்தாமல் குக்கிராமங்களுக்கு மாற்றி மாற்றி எடுத்துச் செல்லுங்கள். காலனியில் ஒரு முறை நடத்தும்போது யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தாலே ஊரின் நிலைமை விளங்கிவிடும்.

குறைந்தது 7 நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பழைய வழக்கம் தண்டோரா. ஒரு சமூகத்தாரை மட்டுமே பறையடித்து அறிவிக்க வைத்த அந்த முறையை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும். முதல் நாள் மாலையும் அன்று காலையும் இரண்டு சுற்று, கடைசித் தெரு வரை போக வேண்டும். வண்டி காலனி முனையோடு திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஓட்டுநருடன் ஒரு வார்டு உறுப்பினரை அனுப்புங்கள்.

ஊர்க்கூட்டத்தை முன்கூட்டமாக்குங்கள்

சபைக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன் ஊர்க்கூட்டம் வழக்கம்போல் கூடட்டும். நேரமெடுத்து, எல்லாரும் சம்மதிக்கும் வரை பேசும் பழக்கம் அதற்கு உண்டு. 11 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும் சபையில் அது நடக்காது. ஆனால் அதே வாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள், காலனி, இளைஞர்கள் ஆகியோருக்கும் தனித்தனியாக முன்கூட்டம் வையுங்கள். நான்கும் தங்கள் கோரிக்கைகளை எழுதி, பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்டு, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கட்டும்.

எல்லாம் இங்கேதான் அடங்கியிருக்கிறது: ஊர்க்கூட்டத்தின் முடிவு சபைக்குள் கோரிக்கையாகத்தான் வர வேண்டும், தீர்ப்பாக வரக்கூடாது. “ஊர்ல பேசி முடிச்சாச்சு, எழுதிக்கங்க” என்று ஒருவர் சொல்லும்போது தலைவர் தரவேண்டிய பதில் ஒன்றுதான்: “கோரிக்கையா எழுதிக் குடுங்க, மத்த மூணோட சேத்து வாசிக்கிறோம்.” குரல் உயர்த்தவோ சட்டப் பிரிவு சொல்லவோ தேவையில்லை. ஊர்ப் பெரியவரின் பெயரோடு அவர் கோரிக்கையை வாசித்தால் மரியாதையும் நிற்கும், முறையும் நிற்கும்.

உட்காருவதும் பேசுவதும்

சபையின் தலைமை நாற்காலி ஊராட்சித் தலைவருக்கு. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவருக்கு. இதில் பேரத்துக்கு இடமே இல்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி வழக்கானது. சுதந்திர தினத்தில் பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றத் தடை ஏற்படக் கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றமும் சபையும் ஒரே நாள் என்பதால் முதல் நாளே மூன்றை உறுதி செய்யுங்கள்: நிகழ்ச்சி நிரலில் கொடியேற்றுபவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும், தலைவரின் பெயர்ப் பலகை மேசையில் இருக்க வேண்டும், கொடிக்கம்பக் கயிறு தயாராக இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் “பெரியவர் ஏத்தட்டும்” என்ற பேச்சு எழுவது ஏற்பாடு தளர்வாக இருக்கும் இடத்தில்தான்.

ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. ஆனாலும் மேடையில் கணவர் உட்காருவது நிற்கவில்லை. மேடையில் எத்தனை பேருக்குப் பொறுப்பு உண்டோ அத்தனை நாற்காலி மட்டும் போடுங்கள். கூடுதலாக ஒன்று கிடந்தால் அதில் யார் உட்காருவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பேசும் வரிசையையும் மாற்றியாக வேண்டும். வழக்கப்படி பெரியவர் முதலில் பேசுவார். அதன்பின் அவரை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. காலனி, பெண்கள், இளைஞர்கள், பிறகு பெரியவர்கள் என்று கோரிக்கைகளை வாசியுங்கள். பெரியவர் நிறைவாகப் பேசுவது அவருக்கும் கௌரவமாகவே இருக்கும். ஒலிவாங்கியை மேசையில் வைக்காமல் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பின்வரிசைப் பெண்கள் எழுந்து முன்னால் வந்து பேச மாட்டார்கள். ஒலிவாங்கி போனால் பேசுவார்கள்.

தீர்மானத்தை எழுதும் விதம்

எத்தனையோ ஊர்களின் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது இப்படி: “ஊர் நலன் கருதி புளிய மர மகசூல் குறித்து ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.” என்ன முடிவு, எவ்வளவு தொகை, யார் எதிர்த்தார்கள் எதுவும் இல்லை. ஏகமனது என்பது ஊர்க்கூட்டத்தின் பழக்கம். அங்கே எதிர்ப்பு இருந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சபையின் தீர்மானம் இப்படி இருக்க வேண்டும்:

“தீர்மானம் 7: புல எண் 112/3-இல் ஊராட்சிக்குச் சொந்தமான 14 புளிய மரங்களின் இவ்வாண்டு மகசூலைப் பொது ஏலத்தில் விடுவது. ஏல அறிவிப்பை ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை, காலனி சமுதாயக் கூடம் ஆகிய மூன்று இடங்களில் ஒட்டுவது. ஏலத் தொகையை ஊராட்சிக் கணக்கில் மட்டும் செலுத்துவது. ஆதரவு 121, எதிர்ப்பு 9. எதிர்த்தவர்கள் கூறிய காரணம்: தொகையில் பாதி கோயிலுக்கு வழங்க வேண்டும் என்பது.”

கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்கள். எதிர்த்தவரின் காரணத்தையும் எழுதுங்கள். எழுதப்பட்ட எதிர்ப்பு பகையாக வளர்வது குறைவு. வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, அரசு அனுப்பிய பற்றாளரிடம் அந்தக் கோட்டின் மேல் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் கலைந்த பிறகு வீடுவீடாகப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து நிரப்பும் பழக்கம் இந்த ஒரு கோட்டில் நின்றுவிடும். தீர்மானங்களைக் கூட்டத்திலேயே உரக்க வாசித்த பிறகுதான் கலைய வேண்டும். நகல் மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப்போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஊர்ப் பணமும் ஊராட்சிப் பணமும்

கண்மாய் மீன் குத்தகை, கருவேல மரம், புளிய மரம், சந்தை வசூல் ஆகியவற்றை ஊரே ஏலம் விட்டுத் திருவிழாவுக்குச் செலவழிப்பது பல இடங்களில் பல தலைமுறை வழக்கம். கொள்ளையடிப்பதாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொத்தில் ஊர் வரிக்குள் சேர்க்கப்படாதவர்களுக்கும் பங்கு உண்டு. திருவிழாவில் தேர் வராத தெருவுக்கும் உண்டு.

முதலில் சொத்து யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்தால் வகைப்பாடு தெரியும். கண்மாய் என்றால் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. கோயில் பெயரிலோ தனியார் பட்டாவிலோ உள்ளதை ஊராட்சி தொடக்கூடாது. ஊராட்சிக்கு உரியது என்று தெரிந்த பிறகு, ஒரே ஆண்டில் பிடுங்க முயன்றால் திருவிழா நின்றுபோன பழி தலைவர் மேல் விழும். திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே ஊர்க்கூட்டத்தில் சொல்லி, அடுத்த ஆண்டுக்குத் தலைக்கட்டு வரியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணக்குக் கேட்பதில் மட்டும் வழக்கம் சட்டத்தைவிடக் கறாரானது. திருவிழா முடிந்த வாரம் பைசா பைசாவாகக் கணக்கு வாசிக்காத ஊர் அபூர்வம். மேடைதோறும் சொல்லப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) நிலமும் வேதமும் உள்ளவருக்கு மட்டுமே இடம் தந்த தகுதி விதிகளை நாம் எடுக்க வேண்டியதில்லை. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலையில் சேர்க்காதே என்ற விதியை எடுத்துக்கொள்ளலாம். சபையில் வரவு செலவு அறிக்கையைத் திருவிழாக் கணக்கு வாசிக்கும் அதே முறையில், ஒவ்வொரு வரியாக, பெறுநர் பெயரோடு வாசியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தேர்தல் நேரம்

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. கட்சி ஒதுங்கிய அந்த இடத்தில் ஊர்க்கூட்டம் வந்து உட்காருகிறது. மூன்று வடிவங்களில் வரும்.

முதலாவது ஏலம். கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரே தலைவர், மற்றவர்கள் மனுப்போடக் கூடாது. 2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாக வந்த செய்தி மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. “சாமிக்குத்தானே போகுது” என்ற சமாதானம் சட்டத்தில் நிற்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவுப்படி, தேர்தலில் நிற்பதற்கோ நிற்காமல் இருப்பதற்கோ தூண்டும் நோக்கில் யாருக்குப் பணம் கொடுத்தாலும் லஞ்சம்; 173-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். போட்டியின்றித் தேர்வாவது மட்டும் குற்றமில்லை. பணம் பேசப்பட்டதா, மனுப்போட வந்தவர் தடுக்கப்பட்டாரா என்ற இரண்டு கேள்விகளில்தான் வேறுபாடு இருக்கிறது. ஏலப் பேச்சு அடிபட்டால் வேட்புமனு தொடங்கும் முன்பே தேர்தல் நடத்தும் அலுவலருக்கும், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். நாள், இடம், பேசிய தொகை, ஒலிப்பதிவு இருந்தால் அதுவும். முடிவு அறிவித்த பிறகு என்றால் 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு ஒன்றுதான் வழி.

இரண்டாவது சத்தியம். சூடம் ஏற்றிக் கையடித்து வாங்குவது, குலசாமி படத்தின் முன் வெற்றிலையில் பணம் வைத்துக் கொடுப்பது. வாங்கியவர் மனதில் இது காவல்துறையைவிடப் பெரிய பயம். தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்ப வைப்பதைச் சட்டம் பெயர் சொல்லியே முறைகேடான செல்வாக்கு என்கிறது; அதே சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவு. ஆனால் சட்டம் சொன்னால் அந்தப் பயம் போகாது. அதைப் போக்கக் கூடியவர் பூசாரியும் ஊர்ப் பெரியவரும்தான். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு கோயில் வாசலில் அவர்களே “ஓட்டுக்கு வாங்குன சத்தியம் சாமிகிட்ட சேராது” என்று சொல்லச் செய்யுங்கள். வழக்கம் போட்ட முடிச்சை வழக்கமே அவிழ்க்கட்டும்.

மூன்றாவது, ஒதுக்கீட்டை முறியடிப்பது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகள் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மனுப்போட ஆள் வராமல் தடுப்பது, வந்து ஜெயித்தவரை உடனே பதவி விலக வைப்பது என்று பத்து ஆண்டுகள் ஓடின. 2006-இல்தான் தலைவர்கள் பதவியில் அமர்ந்து நிலைத்தார்கள். மதுரை மாவட்டத்தின் மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து, உடன் இருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் ஒதுக்கீட்டுத் தொகுதியில் வேட்பாளரைத் தேட வேண்டும். ஊர்க்காரரின் நிலத்தில் வேலை, ஊர்க்காரரிடம் கடன் என்று இருப்பவரை ஊரே நிறுத்தும். அவர் கையெழுத்துப் போடும் ஆளாகவே இருப்பார். பிழைப்புக்கு ஊரைச் சாராதவரும், தன் தெருவில் பத்துப் பேரின் துணை உள்ளவரும் நிற்கட்டும்.

ஜெயித்த பிறகு தடை வருவது காசோலையில். ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஆகவே தலைவரை மட்டும் ஜெயிக்க வைத்துவிட்டு வார்டுகளைக் கைவிட்டால், துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் ஐந்து ஆண்டையும் முடக்கிவிடலாம். காசோலைப் புத்தகம் ஊராட்சி அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும். தலைவரின் மின் கையொப்பக் கருவியும் கடவுச்சொல்லும் அவரிடம் மட்டும். துணைத் தலைவர் மறுத்தால், மறுத்த தேதியையும் பில் எண்ணையும் குறித்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு உடனுக்குடன் எழுதுங்கள். ஆறு மாதம் பொறுத்து எழுதினால் தலைவர்தான் வேலை செய்யவில்லை என்ற பெயர் வந்துவிடும்.

ஊர் விலக்கம் வந்தால்

சபையில் எதிர்த்துப் பேசியவருக்கோ போட்டி வேட்பாளருக்கோ அபராதம், தள்ளிவைப்பு என்று ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொன்னால் அந்த நிமிடமே அது வழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மனுப்போடத் தடுப்பது, ஊராட்சித் தலைவரின் பணியைத் தடுப்பது, சமூகப் பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகிய மூன்றும் தனித்தனிக் குற்றங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

புறக்கணிப்பு வழக்குகள் தோற்பது சாட்சி இல்லாமல்தான். ஊரில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்று முதல் நாளே எடுத்துக்கொண்டு வேறு தடயங்களைச் சேருங்கள். கடையில் பொருள் மறுத்தால் நாள், நேரம், கடைக்காரர் சொன்ன சொல்லை நோட்டில் எழுதுங்கள். பால் கூட்டுறவில் பால் எடுக்க மறுத்தால் அதுவரை எடுத்த பால் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்; நேற்று வரை எடுத்துக்கொண்டு இன்று ஏன் இல்லை என்ற கேள்விக்கு அந்த அட்டையே சாட்சி. திருவிழா வரி நோட்டில் பெயர் அடிக்கப்பட்டிருந்தால் பழைய ஆண்டு ரசீதைத் தேடி எடுங்கள். வேலையிலிருந்து நிறுத்தினால் கூப்பிட்டுச் சொன்ன அலைபேசி அழைப்பின் பதிவை அழிக்காதீர்கள். இவற்றோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்கி, ஒரு நகலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அபராதத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்; கட்டினால் தீர்ப்பை நீங்களே ஒப்புக்கொண்டதாக அடுத்த ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள்.